சிக்னல் பெயர்–எண் மாற்றம்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோசஸை நிறுத்தவோ அதற்கு ஒரு நிகழ்வை அறிவிக்கவோ அனுப்பப்படும் குறிப்பு சிக்னல் எனப்படும். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. கர்னல் எண்ணையே கையாளுகிறது. ஷெல் ஸ்கிரிப்டுக்குப் பெயரே நம்பகமானது.

தோற்றம்: பெல் ஆய்வகம் 1979இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 15 சிக்னல்கள் இருந்தன. 6ஆம் எண்ணின் ஐஓடி, 7ஆம் எண்ணின் இஎம்டி ஆகிய பெயர்கள் பிடிபி-11 கணினியின் கட்டளைகளிலிருந்து வந்தவை. சிக்னலை அனுப்பும் கில் கட்டளை அன்று எண்ணை மட்டுமே ஏற்றது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், பெயரையும் ஏற்றது. 'கில் -எல்' என்றால் பெயர்ப் பட்டியலையும் காட்டியது.

எண்கள் பிரிந்த விதம்: யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தபோது புதிய சிக்னல்களுக்கு ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் எண் வைத்தது. யூஎஸ்ஆர்1 என்பது லினக்ஸில் பெரும்பாலான செயலிகளில் 10. பெர்க்லி கிளையான பிஎஸ்டியிலும் மேக்கிலும் 30. அங்கே 10 என்பது நினைவகப் பிழையைக் குறிக்கும் பஸ். லாக் கோப்பை மீண்டும் திறக்கச் சொல்லி 10ஐ அனுப்பும் லினக்ஸ் ஸ்கிரிப்ட், மேக்கில் அந்தப் புரோசஸையே வீழ்த்திவிடக்கூடும்.

தரப்படுத்தல்: யூனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ், கில் கட்டளைக்கு 1, 2, 3, 6, 9, 14, 15 ஆகிய சிக்னல் எண்களை மட்டுமே நிலையாக வரையறுத்தது. மற்றவற்றுக்குப் பெயரே வழி. அதுவும் 'சிக்' என்ற முன்னொட்டு இல்லாமல்.

சரிபார்ப்பு: 'கில் -எல்' கட்டளைக்கு எண் கொடுத்தால் பெயர் கிடைக்கும். பேஷ் ஷெல்லில் பெயர் கொடுத்தால் எண்ணும் கிடைக்கும். போசிக்ஸ் அதற்கு உறுதி தரவில்லை. எல்லா ஷெல்களிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட், பெயருக்கு எண் காண, அதன் முன்னொட்டை நீக்கி, பெரிய எழுத்தாக்கி, 1 முதல் ஒவ்வோர் எண்ணின் பெயரையும் கேட்டு ஒப்பிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிக்னலால் மடிந்த புரோசஸின் வெளியேற்றக் குறியீட்டைப் பேஷ் சிக்னல் எண்ணுடன் 128 கூட்டித் தருகிறது. கேஎஸ்எச்93 ஷெல் கூட்டுவது 256. 'கில் -எல்' அந்தக் குறியீட்டையும் ஏற்பதால், பேஷில் 143 கொடுத்தால் 15ஆம் சிக்னலின் பெயரான டெர்ம் என்றே விடை வரும். ஆனால் 143 என்றொரு சிக்னல் இல்லை. எனவே பெயர் கிடைத்ததை மட்டும் வைத்து எண் செல்லும் என்று முடிவு செய்ய இயலாது. எண்ணின் எல்லையைத் தனியே சோதிக்க வேண்டும்.

சி மொழி நிரல்களுக்கு இரு திசை மாற்றத்தையும் செய்யும் தனிச் செயற்கூறுகள் 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் பதிப்பில் சேர்ந்தன.