மாதிரித் துண்டும் ஒரு சாசனமே

காயல்பட்டினத்துக்குத் தென்மேற்கே, தேரி மணலைத் தாண்டிய இடையன்குடிக்கு, 1844-இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து வந்தவர் எலிசா. அவருடைய தாய் மார்த்தா மால்ட் 1820களிலேயே நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். மகள் அந்தத் தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். திண்டின்மேல் துளையிட்ட அட்டையை வைத்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. ஒற்றைக் கொக்கியால் கண்ணி கண்ணியாகப் பின்னும் குரோஷே வேறு வேலைதான். ஆனாலும் புதுப் பின்னலைச் சிறு துண்டில் பழகிப் பார்ப்பது இரண்டுக்கும் ஏற்ற வழி. அப்படிப் பழகிய பல குரோஷே பின்னல்களை இன்று கட்டம் கட்டமாகப் போட்டு ஒரே போர்வையாக இணைப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. துண்டு கையில் இருந்தால், எழுத்தறியாதவரும் கண்ணிகளை எண்ணி அதைத் திரும்பப் பின்னிவிடலாம்.

லேஸ் மிஷனரிகள் புகுத்திய ஐரோப்பிய அலங்காரம், நம் கலை அல்ல என்பார்கள். பிறப்பிடம் அயல்நாடு என்பது உண்மை. ஆனால் நாகர்கோவில் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழியும் முன்பே, லேஸ் பின்னிய கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அவ்வளவு பெரிய பயனைத் தந்த கைவேலையை அயலார் சொத்து என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுப் பெட்டியில் பாட்டியின் பின்னல் துண்டு கிடந்தால் கந்தல் என்று எறியாதீர்கள். பின்னத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கண்ணிகளை எண்ணச் சொல்லுங்கள்.