வங்கம் தேர்ந்துகொண்ட அமெரிக்க வாழ்க்கைகள்: வாழ்க்கை வரலாறு பாடமான வழி

கொல்கத்தாவின் வடகிழக்கே எழுந்துள்ள நியூ டவுனில், வரலாற்றைத் தனிமனிதர் வழியே கற்பிக்கும் வழக்கம் கட்டட வடிவிலேயே காணக் கிடைக்கிறது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட மதர்ஸ் வேக்ஸ் மியூசியம் என்னும் மெழுகுச் சிலைக்கூடமும், ரவீந்திர தீர்த்தம், நஸ்ருல் தீர்த்தம் ஆகிய பண்பாட்டு மையங்களும் ஒரு காலத்தை ஒரு பெயரின் கீழ் தொகுத்துக் காட்டுவன. 1817-இல் நிறுவப்பட்ட இந்துக் கல்லூரியின் வழித்தோன்றலான பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வளாகமும் இந்நகரில்தான் உள்ளது. அக்கல்லூரி மரபின் வாசிப்பில் அமெரிக்கர்களின் வாழ்க்கை எப்போது, எதற்காக நுழைந்தது என்று ஆராய்ந்தால், அவ்வாழ்க்கைகளைச் சொன்ன நூல்கள் அமெரிக்காவைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் வங்கத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்கின்றன என்பது புலப்படும்.

அமெரிக்க ஆளுமைகள் வங்கத்துக்கு முதலில் வந்தது பள்ளி வழியாக அன்று, துறைமுகம் வழியாகவே. 1792-இல் ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்கான துணைத்தூதராக நியமித்தார். அமெரிக்க வணிகர்களின் முகவராகச் செயல்பட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டிய ராம்துலால் தேவுக்கு, அவ்வணிகர்கள் 1801-இல் வாஷிங்டனின் முழு உருவ ஓவியம் ஒன்றைப் பரிசளித்தனர். வாஷிங்டனின் வரலாறு வங்கமொழியில் பாடமாவதற்கு நெடுங்காலம் முன்பே, அவர் உருவம் ஒரு வங்க வணிகரின் உடைமையாயிற்று. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர் அனுப்பிய தாமஸ் பெயினின் ‘பகுத்தறிவின் காலம்’ என்னும் நூலின் ஆயிரம் படிகள் கல்கத்தாவில் வந்திறங்கியதையும், ஒரு ரூபாயில் தொடங்கிய விலை இளைஞரின் ஆர்வத்தால் ஐந்து ரூபாய் வரை ஏறியதையும் மிஷனரி அலெக்சாண்டர் டஃப் மனக்கசப்போடு பதிவு செய்துள்ளார். பிறப்பால் ஆங்கிலேயராயினும், அமெரிக்க விடுதலைப் போரோடு பிணைந்த பெயர் பெயினுடையது.

பள்ளிப் பாடநூல்களோ வேறு திசையில் சென்றன. வங்க உரைநடையின் தொடக்க அச்சு நூல்களுள் ஒன்றான ராம்ராம் பாசுவின் ‘ராஜா பிரதாபாதித்ய சரித்திரம்’ (1801) வாழ்க்கை வரலாறே ஆகும். அதாவது, வங்க உரைநடையும் வாழ்க்கை வரலாறும் ஏறத்தாழ ஒருங்கே அச்சேறின. 1849-இல் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் வெளியிட்ட ‘ஜீவன்சரித்’, எடின்பரோவின் சேம்பர்ஸ் சகோதரர்கள் தொகுத்த ஆங்கில நூலிலிருந்து கோபர்னிகஸ், கலீலியோ, நியூட்டன், லின்னேயஸ், வில்லியம் ஜோன்ஸ் முதலியோரின் வாழ்க்கைகளை எடுத்துத் தந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து ஸ்காட்லாந்தில் பள்ளி ஆசிரியரான தாமஸ் ஜென்கின்ஸின் கதையும் அதில் இடம்பெற்றது. இந்தியர் எவரும் அந்நூலில் இல்லை, அமெரிக்கரும் இல்லை. இதற்கு வித்யாசாகரைக் குறை கூறுவதில் பொருளில்லை. பேரரசின் பாடத்திட்டம் லண்டன், எடின்பரோ வழியே வந்ததால், அப்பேரரசை எதிர்த்து வென்றோரின் வாழ்க்கை அதில் ஏற வழியில்லாமற் போயிற்று.

திருப்பம் சுதேசி இயக்கத்தோடு நேர்ந்தது. 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை அடுத்து, அரசின் பிடிக்கு வெளியே கல்வி அமைய வேண்டும் என்று விரும்பியோர் 1906 மார்ச்சில் தேசியக் கல்விக் கழகத்தை நிறுவினர். எனினும் தொடக்கத்திலேயே கருத்து பிளந்தது. இலக்கியம், அறிவியல், தொழில்நுட்பம் மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் வங்கத் தேசியக் கல்லூரியை ஒரு சாரார் அரவிந்தரின் தலைமையில் தொடங்கினர். கைத்தொழிற் பயிற்சியே உடனடித் தேவை எனக் கருதிய தாரக்நாத் பாலித் முதலியோர் வங்கத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தனியே அமைத்தனர். இரண்டும் இணைய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்பூசலின் நடுவில் வளர்ந்தவர் பினாய் குமார் சர்க்கார் (1887–1949). பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, அரசு உதவித்தொகையை மறுத்துத் தேசியக் கல்வியில் இறங்கிய அவர், மால்டா மாவட்டத்தில் தேசியப் பள்ளிகளை உருவாக்குவதில் முன்னின்றார். 1914-இல் அவர், புக்கர் டி. வாஷிங்டனின் ‘அடிமைத்தனத்திலிருந்து மேலெழுந்து’ (1901) என்னும் தன்வரலாற்றை ‘நிக்ரோ ஜாதிர் கர்மபீர்’ என்ற பெயரில் வங்கமொழியில் வெளியிட்டார். அடிமையாகப் பிறந்த புக்கர், 1881 முதல் அலபாமாவின் டஸ்கீகியில் ஒரு பள்ளியைக் கட்டியெழுப்பியவர். மாணவர்களே செங்கல் சுட்டுக் கட்டடம் எழுப்பியதும், சூளை பலமுறை பொய்த்தும் விடாது முயன்றதும், நன்கொடைக்காக அவர் ஊர் ஊராக அலைந்ததும் அந்நூலின் உயிர்ப் பகுதிகள். பிரிவினை 1911-இல் திரும்பப் பெறப்பட்டபின் தேசியப் பள்ளிகளில் உற்சாகம் வடிந்திருந்த நேரம் அது. அரசு உதவியை நம்பியிராது ஒரு பள்ளி எவ்வாறு நிலைக்கும் என்று மால்டா ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தால், அதற்கு விடையாக அமையக்கூடிய நூலாக இது இருந்தது. அமெரிக்க வரலாற்றைக் கற்பிக்க வந்த நூலாக அதைக் கொள்வது அதன் பயனைத் தவறவிடுவதாகும்.

அமெரிக்காவிலோ புக்கர் அப்போதே கடும் வாதத்துக்கு உரியவராயிருந்தார். 1895-இல் அட்லாண்டாவில் அவர் ஆற்றிய உரை, கறுப்பின மக்கள் தொழிற்பயிற்சியையும் பொருளியல் முன்னேற்றத்தையும் முதன்மையாகக் கொண்டு, சமூகச் சமத்துவக் கோரிக்கையை ஒத்திவைக்கலாம் என்ற பொருளில் அமைந்தது. கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில், வாக்குரிமை, குடியுரிமை, உயர்கல்வி மூன்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் வழி இது என்று மறுத்தார். கைத்தொழிலா, முழுக்கல்வியா என்ற அதே வினாவைக் கல்கத்தா 1906-இல் தனக்குள் எழுப்பிக்கொண்டது என்பது, வங்கக் கல்வி வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒற்றுமையாகும். சர்க்கார் மொழிபெயர்க்கத் தேர்ந்தது புக்கரை. டூ பாய்ஸை அன்று. 1916-இல் லாலா லஜபதி ராய் எழுதி, ராமானந்த சாட்டர்ஜி கல்கத்தாவில் வெளியிட்ட அமெரிக்கா பற்றிய ஆங்கில நூல், கறுப்பின மக்களின் நிலையை இந்தியச் சாதி அமைப்போடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தபோதுதான் வேறொரு பார்வை கிடைத்தது.

தேர்வு தேர்ந்தவரைக் காட்டும் என்பதற்குத் தமிழகமும் சான்று. அங்கே சுயமரியாதை இயக்கம் அமெரிக்கப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சாலை முன்னிறுத்தியது. சமய விமர்சனம் அதன் தேவையாக இருந்தது. மராட்டியத்தில் 1873-இலேயே ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

1950-கள் முதல் தேர்வு கைமாறியது. சென்னையில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுடன் 1955-இல் தென்மொழிகள் புத்தக நிறுவனம் உருவாயிற்று. டாக்காவில் பிராங்க்ளின் பதிப்பகத் திட்டம் அமெரிக்க நூல்களை வங்கமொழியில் கொணர்ந்தது. 1964-இல் ஹைதராபாத்தில் அமெரிக்கவியல் ஆய்வு மையம் தோன்றியது. நூல்கள் பெருகின, ஆனால் எவருடைய வாழ்க்கை வேண்டும் என்பதைப் படிப்பவரைக் காட்டிலும் பணம் தருபவரே முடிவுசெய்யும் நிலை வந்தது. அமெரிக்காவுக்குக் கல்கத்தா தந்த மறுமொழி சற்றுக் குறும்பானது: அமெரிக்கத் துணைத்தூதரகம் அமைந்த ஹாரிங்டன் தெருவுக்கு 1960-களின் இறுதியில் வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் பெயர் சூட்டப்பட்டது. அறிவுத்துறை அளவில் வந்த மறுமொழி இன்னும் உறுதியானது. எஸ். பி. சென் பதிப்பித்த தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியை, கல்கத்தாவின் வரலாற்று ஆய்வு நிறுவனம் 1972–74 காலத்தில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது.

எனவே வாழ்க்கை வரலாற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், நாயகரின் செயலோடு நில்லாது, நூல் வெளியான ஆண்டு, செலவை ஏற்றவர், உடன் நிற்க வேண்டியிருந்தும் விடப்பட்டவர் ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது. மெழுகுச் சிலைக்கூடம் இப்படிப்புக்கு இடம் தராது. சிலை தனித்து நிற்பது, அதனோடு வாதிட்டவர் அருகில் இருப்பதில்லை. சர்க்காரின் 1914-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையும் டூ பாய்ஸின் மறுப்பையும் 1906-ஆம் ஆண்டின் இரு கல்வித் திட்டங்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க, சர்க்கார் பயின்ற கல்லூரியின் பெயரைத் தாங்கிய நியூ டவுன் வளாகத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.