என்.எம்.ஆர். தாளுக்கு அஞ்சலி

நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியலான என்.எம்.ஆர். தாள் 2023 ஜனவரி 1 அன்று மறைந்தது. அன்று முதல், தனிநபர் பயன்பெறும் வேலைகள் தவிர, எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவு கைபேசிச் செயலியில்தான் என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கட்டாயமாக்கியது. செய்தித்தாள்களில் அது ஒரு நிர்வாக மாற்றமாகக் கடந்து போயிற்று. எனக்கு அது ஒரு சாவு.

2006 பிப்ரவரி 2 அன்று திட்டம் தொடங்கியபோது, முதல் 200 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சி போன்ற ஊராட்சிகளுக்கும் அப்படித்தான் அந்தத் தாள் ஏறி வந்தது. அப்போது நாள் கூலி 80 ரூபாய். ஒரு வேலைக்கு ஒரு என்.எம்.ஆர்.; தடுப்பணைக்குத் தனி, மண் பாதைக்குத் தனி. மேலே வேலையின் பெயரும் எண்ணும். கீழே வேலை அட்டை எண், ஆளின் பெயர், நாள் வாரியாகக் கட்டங்கள், மொத்த நாள், கூலி, கடைசியில் கையெழுத்தோ கைரேகையோ. ஒருத்தி மண் சுமந்த நாளின் கூலி எந்த வேலையின் செலவில் ஏறியது என்பது அந்த ஒரே தாளில் தெரிந்தது. கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதத்தில் கூலிப் பங்குக்கு ஆதாரமும் இதே தாள்தான்.

மலைக்காரர்களுக்குப் பெயர்ப் பதிவு புதிதல்ல. காபித் தோட்டங்களில் செக்ரோல் உண்டு. களையெடுப்புக்கு இத்தனை ஆள், பழம் பறிக்க இத்தனை, கவாத்துக்கு இத்தனை என்று கணக்கப்பிள்ளை பிரித்து எழுதுவார். ஆனால் அது முதலாளியின் கணக்கு. பழம் பறித்தவள் அதை வாங்கிப் பார்க்க உரிமை ஏது? என்.எம்.ஆர். அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. சமூகத் தணிக்கைக்காகக் கிராம சபை முன் வைக்க வேண்டிய ஆவணங்களில் வருகைப் பட்டியலையும் பெயர் சொல்லிச் சேர்த்தது வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு.

அந்த வரி சும்மா வரவில்லை. 1994 டிசம்பரில் தொடங்கி ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு மக்கள் விசாரணைகளை நடத்தியது. வருகைப் பட்டியல்களை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி போயிருந்தது அம்பலமானது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமே வேர்.

ஆக, தாளிலும் பொய் எழுதினார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எழுதிய பொய்யைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரியால் முடிந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்!

இப்போது பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை படமெடுத்து ஏற்றுகிறார். மலை மடிப்புகளில் சிக்னல் எப்படி என்று ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். பட்டியல் இணையதளத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து இறங்கத் தெரிந்தவருக்கு இருக்கிறது. கைரேகை வைத்தவளின் கைக்கு அது வருவதில்லை.

பொய்யாவது ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் சரிபார்க்கச் சொன்னது. அந்தப் பொறுப்பு அலுவலர்களுக்குப் போயிற்று. பக்கத்தில் நின்று மண் வெட்டியவளை யாரும் கேட்கச் சொல்லவில்லை.