ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் தாய்சேய் நலமும்

எச்.ஐ.வி. கிருமி தாயிடமிருந்து குழந்தைக்கு மூன்று கட்டங்களில் தொற்றக்கூடும்: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் குடிக்கும் காலத்தில். மருந்து எதுவும் தராவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாவார்கள். பால் கொடுக்கும் காலம் நீள நீள இந்த எண்ணிக்கை கூடும். தாய் முறையாக மருந்து எடுத்துக்கொண்டால் இதை 5 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடலாம். போட்ஸ்வானாவில் நடந்த ஓர் ஆய்வில் அது 1 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பிறந்தவர்கள். அங்கே இக்கிருமி முக்கியமாக ஆண் பெண் உறவின் வழியே பரவியது; தொற்றுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். கருவுற்றபின் மருத்துவமனைக்கு வந்து ரத்தப் பரிசோதனை செய்யும் நாளில்தான் அவர்களில் பலருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியவரும். இந்தச் சிக்கலைத் தீர்க்க எடுத்த முயற்சிகளின் முப்பதாண்டு வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தாயை நோய் கடந்துவரும் வழியாக மட்டும் கருதிய திட்டங்களால் குழந்தையையும் முழுதாகக் காக்க முடியவில்லை.

முதல் மருந்துகள்

1994-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வில், சிடோவுடின் மருந்து குழந்தைகளின் தொற்று விகிதத்தை 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஆனால் கர்ப்ப காலத்தில் நாள்தோறும் மாத்திரை, பிரசவ வலியின்போது நரம்பு வழியே மருந்து, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் மருந்து என்ற அந்த முறை, கர்ப்ப காலத்தில் ஓரிரு முறை மட்டுமே மருத்துவமனைப் படியேறும் பெண்களுக்குப் பொருந்தவில்லை. விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது.

1999-இல் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையிலிருந்து வேறொரு விடை வந்தது. பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை திரவ மருந்து. செலவு சுமார் 4 டாலர். நான்காம் மாதத்தை நெருங்கும் நேரத்தில், குறுகிய காலம் சிடோவுடின் பெற்ற குழுவில் 25 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது; நெவிரபின் குழுவில் 13 விழுக்காடு. மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தனுப்பினால் வீட்டில் பிரசவிக்கும் பெண்ணும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு குறை பின்னர் தெரிந்தது: அந்த ஒற்றை மாத்திரையே பல தாய்மார்களின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்கி, அவர்களுக்குப் பின்னாளில் தேவைப்பட்ட சிகிச்சையைப் பலவீனப்படுத்தியது.

தென்னாப்பிரிக்காவில் அந்த 4 டாலர் மருந்தும் எளிதில் கிடைக்கவில்லை. எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தார். 2000 ஜூலையில் டர்பனில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க மேடையில், தொற்றுடனேயே பிறந்த 11 வயதுச் சிறுவன் இங்கோசி ஜான்சன், கருவுற்ற தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசிடம் கேட்டான். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவன் இறந்தான். மருந்து நிறுவனம் நெவிரபினை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோதும், மாகாணத்துக்கு இரண்டு சோதனை மையங்களுக்கு மேல் அதை அனுமதிக்க அரசு மறுத்தது. அக்காலத்தில் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 70,000 குழந்தைகள் தாயிடமிருந்து தொற்றைப் பெற்றதாக மதிப்பீடு. சிகிச்சைக்கான செயல்பாட்டு இயக்கம் என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைத் தாமதமின்றி நீக்கும்படி உத்தரவிட்டது. நலவாழ்வு உரிமைக்கு நீதிமன்றம் உயிர் கொடுத்த தீர்ப்புகளில் இதற்கு நிகரானவை உலகிலேயே மிகச் சில.

தாய்ப்பாலா, பால்மாவா

இந்த வரலாற்றிலேயே மிகக் கடினமான கேள்வி இது. பாலின் வழியே கிருமி பரவும் என்று தெரிந்ததும் பணக்கார நாடுகள் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டன. சுத்தமான தண்ணீரும் விறகும் தட்டுப்பாடாக உள்ள ஊரில் அதே அறிவுரை என்ன செய்யும்?

1999-இல் டர்பனைச் சேர்ந்த அன்னா குட்சூடிஸ், ஹூசன் கூவாடியா ஆகியோரின் குழு எதிர்பாராத ஒரு முடிவை வெளியிட்டது. முதல் மூன்று மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கப்படாத குழந்தைகளில் 14.6 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. தாய்ப்பாலோடு தண்ணீர், கஞ்சி, புட்டிப்பால் என்று எதையாவது சேர்த்துக் கொடுத்தவர்களின் குழந்தைகளில் அது 24.1 விழுக்காடு. வெளி உணவு பிஞ்சுக் குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கி, பாலில் உள்ள கிருமி நுழைய வழி திறந்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதே குழுவினர் குவாசூலு நட்டால் மாகாணத்தில் மேற்கொண்டு 2007-இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இதை உறுதி செய்தது. தாய்ப்பாலோடு திட உணவு சேர்த்த குழந்தைகளுக்குத் தொற்று அபாயம் ஏறத்தாழ 11 மடங்கு. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தோர் 6.1 விழுக்காடு; தாய்ப்பாலே இல்லாமல் மாற்றுப்பால் குடித்தவர்களில் 15.1 விழுக்காடு.

மாற்றுப்பாலின் இந்த ஆபத்தைப் போட்ஸ்வானா கொடிய விலை கொடுத்துக் கற்றது. தாய்சேய்த் தொற்றுத் தடுப்பைத் தேசியத் திட்டமாக 1999-இலேயே தொடங்கிய அந்நாடு, தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பால்மாவை இலவசமாக வழங்கியது. நல்ல சாலைகள், குழாய்த் தண்ணீர், வைர வருமானம் எல்லாம் இருந்த நாடு அது. அங்கே இத்திட்டம் பழுதின்றி நடக்கும் என்றே எல்லாரும் நம்பினார்கள். 2006-இன் தொடக்கத்தில் கனமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. குடிநீர் கெட்டது, வயிற்றுப்போக்கு பரவியது, நூற்றுக்கணக்கான கைக்குழந்தைகள் இறந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். எச்.ஐ.வி.யிலிருந்து தப்பிய குழந்தைகளைப் புட்டியில் கலந்த தண்ணீர் கொண்டுபோனது.

பால்மாவு டப்பா தாயைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது. கூட்டுக் குடும்பத்தில் ஓர் இளம் தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று மாமியார் கேட்பார், அக்கம்பக்கம் கேட்கும். பதில் சொல்ல முடியாத பெண் பகலில் ஊர் பார்க்கப் பால் கொடுத்தாள், மற்ற நேரம் புட்டியைக் கொடுத்தாள். இரண்டையும்விட ஆபத்தான கலப்பு உணவு முறைக்கே அவள் தள்ளப்பட்டாள். தாய் மருந்து எடுத்துக்கொண்டே பாலூட்டலாம் என்று 2010-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. 2011-இல் தென்னாப்பிரிக்கா அரசு மருத்துவமனைகளில் இலவசப் பால்மாவை நிறுத்த முடிவு செய்தது.

தாயின் உயிர்

தொடக்க காலத் திட்டங்களில் குழந்தை பிறந்ததும் தாயின் மருந்து நின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் காசநோயோ நிமோனியாவோ அவளைக் கொன்றால் அந்தக் குழந்தைக்கு யார் இருப்பார்கள் என்று கேட்கும் இடம் அத்திட்டங்களில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த பேறுகால மரணங்களுக்கு ரத்தப்போக்கையும் விஞ்சி எச்.ஐ.வி. சார்ந்த தொற்றுகளே முதற்காரணமாக இருந்த ஆண்டுகள் உண்டு. தாயை இழந்த குழந்தை, தனக்குத் தொற்று இல்லாவிட்டாலும், பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது.

இதை மாற்றியது மலாவி. யாருக்கு வாழ்நாள் சிகிச்சை தேவை என்பதை ரத்தத்தில் உள்ள சிடி4 அணுக்களை எண்ணி முடிவு செய்வதே அன்றைய விதி. எண்ணும் கருவியும் அதை இயக்க ஆளும் இல்லாத கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் அவ்விதி வெறும் காகிதம். தவிர, மலாவிப் பெண்கள் பல குழந்தைகள் பெறுபவர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டு வரை பால் கொடுப்பவர்கள். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகவே அவர்கள் வாழ்க்கை கழியும். எனவே 2011-இல் மலாவி, கருவுற்ற, பாலூட்டும் பெண்களில் தொற்றுள்ள ஒவ்வொருவருக்கும் அணு எண்ணிக்கை பாராமல் வாழ்நாள் முழுவதும் மருந்து என்று அறிவித்தது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், ஒரு காலாண்டில் மருந்து தொடங்கும் அத்தகைய பெண்களின் எண்ணிக்கை 1,257-லிருந்து 10,663 ஆக உயர்ந்தது. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது. ஓர் ஏழை நாடு தன் போதாமையிலிருந்தே உலகத்துக்கு வழி காட்டியதை மருத்துவ வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

சிக்கல் இல்லாமலில்லை. நோய் தெரிந்த அன்றே மாத்திரையோடு வீடு திரும்பிய கருவுற்ற பெண்களில் பலர் மறுபடி வரவேயில்லை. தம் உடல்நிலை கெட்டுச் சிகிச்சை தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால் இது ஐந்து மடங்கு. கணவனிடம் எப்படிச் சொல்வது, மாத்திரையை எங்கே ஒளித்துவைப்பது என்பவற்றுக்கு மருத்துவரைவிட, அதே வழியைக் கடந்துவந்த இன்னொரு தாய் நல்ல பதில் சொல்வாள். 2001-இல் கேப் டவுனில் தொடங்கிய ‘மதர்ஸ்டுமதர்ஸ்’ அமைப்பு, தொற்றுள்ள தாய்மார்களையே சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக நியமித்தது.

பெண்களின் குரலுக்கு இன்னொரு சான்று டொலுடெக்ராவிர் மருந்து. கருவுறும் வேளையில் இதை உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு வரலாம் என்று 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பல நாடுகள் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதை மறுத்தன. இரண்டு மாதத்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் கிகாலியில் கூடி, விவரத்தைச் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்றனர். தரவுகள் கூடக்கூட அந்த அபாயம் கரைந்துபோனது.

தொற்றுள்ள குழந்தைகள்

சிகிச்சை பெறாத குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பிறந்தநாளுக்கு முன்பும், பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்பும் இறந்துவிடுகின்றனர். தாயின் எதிர்ப்புரதங்கள் 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால் வழக்கமான பரிசோதனை பயன்படாது. குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, வடிதாளில் அச்சிட்ட வட்டங்களில் ரத்தச் சொட்டுகளை ஏந்தி, உலர்த்தி உறையிலிட்டுத் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு திரும்பி வருவதற்குள் இறந்த குழந்தைகள் பல.

சொவெட்டோவிலும் கேப் டவுனிலும் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, அறிகுறிக்குக் காத்திராமல் சில வார வயதிலேயே சிகிச்சை தொடங்கினால் இறப்பு 76 விழுக்காடு குறையும் என்று நிறுவியது. ஆனால் குழந்தைகளுக்கான லோபினாவிர் திரவ மருந்து கடும் கசப்பு, அதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால், குளிர்பதனமும் தேவை. தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெரி சுவையுள்ள டொலுடெக்ராவிர் மாத்திரை 2020-இல்தான் ஒப்புதல் பெற்றது. அதை ஆண்டுக்கு 40 டாலருக்கும் குறைவாகத் தயாரிப்பவை இந்தியாவில் ஆலைகள் கொண்ட நிறுவனங்கள்.

இன்றைய நிலை

2023-இல் உலகில் புதிதாகத் தொற்றிய குழந்தைகள் சுமார் 1,20,000 பேர். 2000-த்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு அளவு. கருவுற்ற பெண்களில் சிகிச்சை பெறுவோர் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டிவிட்டனர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. தொற்று மிகுந்த நாடுகளில் முதலாவதாக, 2021-இல் போட்ஸ்வானா, தாய்சேய்த் தொற்றை ஒழிக்கும் முயற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வெள்ளித் தகுதியைப் பெற்றது. குழந்தைகளின் சிகிச்சை மட்டும் இன்னும் பின்னால் நிற்கிறது: 2023-இல் பெரியவர்களில் 77 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கே கிடைத்தது.

முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று அறிந்து, பின்னர் கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தொற்றுக்கு ஆளாகும் தாய்மார்கள் இப்போது பெருங்கவலை. புதிய தொற்றில் கிருமியின் அளவு மிக அதிகம் என்பதால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம். தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் பெற்ற இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024-இல் தெரிந்தது. கருவுற்றவர்களையும் விலக்காமல் சேர்த்துக்கொண்ட ஆய்வு அது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, அந்நிதியை நம்பியிருந்த மருத்துவ மையங்கள் பல மூடப்பட்டன. அங்கு வேலை பார்த்த வழிகாட்டித் தாய்மார்களும் ஆலோசகர்களும் வேலையிழந்தனர். பாலூட்டும் தாயின் மருந்து சில வாரம் நின்றாலே கிருமி பாலில் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும்.