திருச்சபையிலிருந்து பிரிந்த உபாத்தியாயர்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர்களுள் பெரும்பாலோர், இறையியல் கற்று, எங்கேனும் ஒரு தேவாலயத்தில் போதகர் பதவி காலியாகும்வரை ஜீவனத்தின் பொருட்டுப் பிரம்பைக் கையில் ஏந்தியவர்களே. பண்டைப் பாஷைகளைப் போதிப்பது ஒருவர் தம் ஆயுளையே ஒப்புவிக்கத் தக்க பணி என்னும் எண்ணம் அன்று அரிதாகவே இருந்தது.

1777-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேரச் சென்ற பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப் என்னும் பதினெட்டு வயது இளைஞர், இறையியல் மாணவராக அன்றி, மொழிநூல் மாணவராகவே தம்மைப் பதிந்துகொள்ள வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றார். அவருக்கு முன்னரே சிலர் அவ்வாறு பதிந்ததுண்டு. எனினும் அப்பிடிவாதத்தை வாழ்நாள் முழுவதும் காத்தவர் அவரே. இல்ஃபெல்டிலும் ஓஸ்டரோடேயிலும் பள்ளி உபாத்தியாயராக உழைத்து, 1783-இல் ஹாலே பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், 1787-இல் அங்கே நிறுவிய பயிற்சிக் கழகத்தில், ஆசிரியர் உரைப்பதைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு அமையாது, மாணவர்களே மூலநூலுக்குப் பொருள் விரித்து, லத்தீன் பாஷையிலேயே ஒருவரோடொருவர் வாதித்துப் பழகினர். இலக்கணம் மட்டுமன்றி, கிரேக்க ரோமானிய மக்களின் சரித்திரம், சமயம், சட்டம், சிற்பம், நாணயம், சாசனம் யாவும் கூடிய ஒரே சாஸ்திரமாகப் பண்டைக்காலத்தைக் காணவேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லைக் கற்பிப்பவருக்கு அச்சொல் வழங்கிய வாழ்வும் தெரிந்திருக்க வேண்டுமென்ற அந்தக் கொள்கையைக் காட்டிலும் உயர்ந்ததொன்றை இத்தொழிலின் வரலாற்றில் நான் கண்டதில்லை.

நெப்போலியன் 1806-இல் ஹாலேயை மூடிவிட, வோல்ஃப் பெர்லின் சென்றார். நெப்போலியனிடம் தோல்வியுற்ற பிரஷ்ய அரசு கல்வியைக் கொண்டே தன்னைப் புதுப்பிக்க முனைந்த வேளையில், அவருடைய நண்பரான வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் 1809-இல் கல்வித்துறையின் பொறுப்பை ஏற்றார். அவர் வகுத்த திட்டத்தின் பயனாக, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க விரும்புவோர் அரசாங்கப் பரீட்சையில் தேறவேண்டுமென்னும் ஆணை 1810 ஜூலை 12-ஆம் நாள் பிறந்தது. மொழி, சரித்திரம், கணிதம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் நடந்தன; மாதிரிப் பாடமும் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரம் திருச்சபையின் கையிலிருந்து அரசாங்கத்துக்கு மாறிற்று.

ஆனால் பரீட்சகர்முன் நடத்தும் பாடமொன்று, முப்பது சிறுவர் நிறைந்த வகுப்பை ஆளும் ஆற்றலுக்குச் சாட்சியாகாது. இக்குறையை உணர்ந்தே, பரீட்சையில் தேறியவர் ஒரு பள்ளியில் ஓராண்டு பயிலவேண்டுமென்று 1826-இல் விதித்தனர். அவ்வாண்டைப் பெரும்பாலோர் ஊதியமின்றியே கழித்தனர். அதைக் கடந்தவருக்கு வேலைக்குக் குறைவில்லை: 1837-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், ஒன்பது வருஷப் படிப்பின் வாராந்தர மணிகள் 280-இல் லத்தீனுக்கு 86-உம் கிரேக்கத்துக்கு 42-உம் ஒதுக்கப்பட்டிருந்தன.