யாக்கிமோவ்

யாக்கிமோவ், செக் குடியரசின் வடமேற்கில் ஜெர்மனி எல்லையை ஒட்டிய குருஷ்னே ஹோரி மலைத்தொடரில் உள்ள சிற்றூர். கார்லோவி வாரி மாநிலத்தைச் சேர்ந்தது. பழைய ஜெர்மன் பெயர் சங்க்ட் யோவாகிம்ஸ்டால். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நீளவாக்கில் மேலேறிச் செல்லும் இவ்வூருக்கு அருகே, அம்மலைத்தொடரிலேயே உயர்ந்த கிளினோவெட்ஸ் சிகரம் (1,244 மீட்டர்) நிற்கிறது. குளிர் கடுமை, மண்ணில் வளமில்லை, பெரிய ஆறும் இல்லை. இங்கே ஒரு நகரம் எழுவதற்கான காரணம் எதுவும் தரைக்கு மேலே தென்படாது. ஊரின் கதையை வெள்ளி, யுரேனியம், மருத்துவக் குளியல் என மூன்று தனி அத்தியாயங்களாகச் சொல்வது வழக்கம். அது வசதியான பிரிவுதான், ஆனால் தவறானது. வெள்ளி, கோபால்ட், நிக்கல், பிஸ்மத், யுரேனியம் ஆகியவை இங்கு ஒரே பாறைப் பிளவுகளில் சேர்ந்து கிடந்தன. ஒரு காலம் வேண்டாமென்று ஒதுக்கியதை அடுத்த காலம் தேடிப் பிடித்தது என்பதே இவ்வூரின் வரலாறு.

ஸ்லிக் பிரபுக் குடும்பம் 1516-இல் ஊரை நிறுவியது. நான்கே ஆண்டுகளில் அது அரச சுரங்க நகரமானது. 1530-களில் சுமார் 18,000 பேர் வாழ்ந்தார்கள். பொஹிமியாவில் பிராகாவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுவே. இன்றைய மக்கள்தொகை மூவாயிரத்தைக்கூட எட்டாது. இங்கு அச்சான பெரிய வெள்ளி நாணயமே ‘தாலர்’ எனப் பெயர் பெற்று, பின்னாளில் டாலர் ஆயிற்று. சுற்றுலாக் கையேடுகள் இதோடு நின்றுவிடுகின்றன. 1527-இல் நகர மருத்துவராக வந்த கியோர்கியுஸ் அக்ரிகோலா இங்கே சுரங்கத் தொழிலை நேரில் கற்றார் என்பதை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அவர் இறந்த பின் 1556-இல் வெளியான ‘தெ ரே மெட்டாலிகா’, சுரங்கவியலின் அடிப்படை நூலாக இரு நூற்றாண்டுகள் நிலைத்தது. வெள்ளியின் காலமோ நீளவில்லை. மேல்மட்டப் படிவங்கள் தீர்ந்தன, அமெரிக்க வெள்ளி ஐரோப்பாவுக்குள் புகுந்தது, கத்தோலிக்க அரசின் நெருக்கடியால் லூத்தரன் சுரங்கத் தொழிலாளர் பலர் வெளியேறினார்கள்.

வெள்ளி தேடியவர்கள் ஒதுக்கிய கரிய கனமான கல்தான் பிட்ச்பிளெண்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் யுரேனியச் சாயம் தயாரிக்க அதை எடுத்தார்கள்; சாயம் போக மிஞ்சிய கழிவைக் கொட்டினார்கள். மேரி கியூரியும் பியேர் கியூரியும் ஆஸ்திரிய அரசிடம் கேட்டு வாங்கியது அந்தக் கழிவைத்தான். 1898-இல் அவர்கள் அறிவித்த ரேடியத்தைத் தனியே பிரித்தெடுக்க உதவியது இக்குப்பையே. நீரின் கதையும் இப்படித்தான். 1864-இல் ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தில் திடீரெனப் பீறிட்ட ஊற்று அன்றைக்கு ஒரு விபத்து. அந்நீரில் ரேடான் கலந்திருப்பது தெரிந்த பிறகு, 1906-இல் குளியல் சிகிச்சை தொடங்கியது. 1912-இல் ‘ரேடியம் பேலஸ்’ விடுதி திறக்கப்பட்டது. சுரங்கத்தில் ஆண்டுக்கணக்கில் ரேடானைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் தந்த அதே வாயு, குறைந்த அளவில் சில வாரச் சிகிச்சையாக இன்றும் விற்கப்படுகிறது.

இந்தத் தொடர்ச்சி வெறும் கற்பனை என்று மறுக்க இடமுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் மொழி பேசிய குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். பழைய ஊரோடு புதிய ஊருக்கு மனிதத் தொடர்பு ஏறத்தாழ அறுந்தது. உண்மைதான். ஆனால் நான் சொல்லும் தொடர்ச்சி குடும்பங்களுடையதல்ல, சுரங்கங்களுடையது. பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளிக்காகத் தோண்டிய ஸ்வோர்னோஸ்ட் பிறகு யுரேனியம் தந்தது. இப்போது சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்து சிகிச்சை நீர் தருகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. பாறைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால், பதினாறாம் நூற்றாண்டில் சலுகைகளை நாடித் தாமாக வந்தவர்கள் இறங்கிய இடத்தில், 1950-களில் அரசியல் கைதிகள் ஏன் இறக்கப்பட்டார்கள்? பாறை இதற்குப் பதில் சொல்லாது. 1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் ஒன்றியத்துடன் ரகசியமாகச் செய்த யுரேனிய ஒப்பந்தமும், 1948-க்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியும்தான் பதில். ஆயினும் அரசின் கை அப்போது புதிதாக நீண்டதல்ல: ஸ்லிக் குடும்பத்தின் நாணயச்சாலையை ஃபெர்டினாண்ட் மன்னர் 1528-இலேயே தம்வசப்படுத்தியிருந்தார். யுரேனிய அகழ்வு 1964-இல் நின்றது. 2019-இல் யுனெஸ்கோ இம்மலைத்தொடரின் 22 சுரங்க இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, யாக்கிமோவின் பழைய வெள்ளிச் சுரங்கப் பகுதியோடு, கைதிகள் யுரேனியத் தாதுவைப் பொடித்துப் பீப்பாய்களில் அடைத்த ‘மரணத்தின் செங்கோபுரமும்’ ஒரே பதிவில் இடம்பெற்றது.