கல்லரங்கும் குடிமக்களும்

பழைய கட்டடம் ஒன்றைக் காணும்போது அதனைக் கட்டுவித்த அரசன் யார் என்றே நாம் முதலில் வினவுகின்றோம். அவனுக்குப் பின் அங்கு வாழ்ந்தவர்கள் யாவர் என வினவுவோர் மிகச் சிலரே. அவ்விரண்டாம் வினாவை எழுப்பியே தீரவேண்டிய இடங்களுள் ஒன்று, தென் பிரான்சிலே, றோண் ஆற்றங்கரையில் அமைந்த ஆர்ல் என்னும் சிறு நகரின் கல்லரங்கு.

ஆர்ல் நகரின் ஏற்றம் போரிலே பிறந்தது. கி.மு. 49இல் யூலியஸ் சீசர் மசிலியா நகரை (இன்றைய மார்செய்) முற்றுகையிட்டபோது, அவனுக்கு வேண்டிய 12 போர்க்கப்பல்கள் ஆர்லிலே கட்டப்பட்டன. மசிலியா வீழ்ந்தது, ஆர்ல் வளர்ந்தது. கி.மு. 46இல் ஆறாம் படையணியின் ஓய்வுபெற்ற வீரர்கள் அங்கு குடியேற்றப்பட்டனர். கி.பி. 90 அளவில் இக்கல்லரங்கு எழுந்தது. 136 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 107 மீற்றர் அகலமும் கொண்ட நீள்வட்டம். அடுக்குக்கு 60 வீதம் இரண்டு அடுக்கு வளைவுகள். சுமார் 20,000 பேர் அமரத்தக்க கற்படிகள். உயர்ந்தோர் தாழ்ந்த படிகளிலும், தாழ்ந்தோர் உயர்ந்த படிகளிலும் அமர்ந்தனர். களத்திலே மாண்டவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளும், போர்க்கைதிகளும், தண்டனை பெற்றோருமே. உரோமச் சமுதாயத்தின் வர்க்க அமைப்பு முழுவதும் அந்த நீள்வட்டத்துள் கல்லிலே வகுக்கப்பட்டிருந்தது எனலாம்.

பேரரசு சிதைந்தது. காவலற்ற காலம் வந்தது. மக்கள் தம் உயிரைக் காத்துக்கொள்ள உறுதியான சுவரைத் தேடினர்; அரங்கின் சுவரினும் உறுதியான சுவர் அந்நகரில் வேறில்லை. வளைவுகளை அடைத்தனர்; நான்கு காவற்கோபுரங்களை எழுப்பினர்; உள்ளே வீடு கட்டினர். காலப்போக்கில் 200க்கு மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கொண்ட ஓர் ஊரே அங்கு உருவாயிற்று. மனிதனை மனிதன் கொல்வதைக் கண்டுகளித்த களம், பிள்ளைகள் பிறந்து வளரும் முற்றமாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரங்கின் வரலாறு இதுவே. கொலைக்களமாக அது விளங்கிய காலத்தினும் குடியிருப்பாக விளங்கிய காலமே நெடிது.

அக்குடிமக்கள் தொல்பொருளைச் சிதைத்தனர் எனக் குறைகூறுவோர், அருகிலுள்ள நாடக அரங்கையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அவ்வரங்கு கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதனாலேயே அது கற்சுரங்கமாயிற்று. அதன் கற்கள் பிற கட்டடங்களுக்குச் சென்றன. மேடைக்குப் பின்னிருந்த தூண்களுள் இன்று நிமிர்ந்து நிற்பவை இரண்டே. வட்டரங்கோ நிலைபெற்றது. அங்கு மக்கள் வாழ்ந்தனர். தம் வீட்டுச் சுவரை எவரும் எளிதிற் பெயர்த்துக் கொடுப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காட்சி மாறிற்று. பழம்பெருமையை மீட்கும் ஆர்வம் ஆள்வோரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அரங்கினுள் வாழ்ந்தோர் பெரும்பாலும் ஏழைகள். 1825இல் வீடுகளை அகற்றும் பணி தொடங்கிற்று. வீடுகளும் ஆலயங்களும் இடிக்கப்பட்டன. களம் மீண்டும் வெறுமையாயிற்று. துப்புரவாக்கப்பட்ட அரங்கில் 1830இல் நடைபெற்ற முதற் பெருநிகழ்ச்சி ஒரு காளை விளையாட்டு. பிரெஞ்சுப் படை அல்ஜியேர்ஸ் நகரைக் கைப்பற்றிய வெற்றியைக் கொண்டாடவே அது நடத்தப்பட்டது. பழைய பேரரசொன்றின் புகழை மீட்க ஏழைகளின் வீடுகள் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் புதிய பேரரசொன்றின் ஆக்கிரமிப்பு கொண்டாடப்பட்டது. அந்த ஆக்கிரமிப்பிலிருந்து அல்ஜீரிய மக்கள் விடுபட 132 ஆண்டுகளும், இறுதியில் குருதி தோய்ந்த எட்டாண்டுப் போரும் வேண்டியிருந்தன. 1962இலேயே அவர்கள் விடுதலை பெற்றனர்.

1840இல் அரசின் வரலாற்றுச் சின்னங்களின் முதற்பட்டியலில் அரங்கு இடம்பெற்றது. 1981இல் யுனெஸ்கோ அதனை நகரின் ஏனைய உரோமச் சின்னங்களோடு உலக மரபுரிமையாக ஏற்றது. இவற்றுக்கிடையே, 1888இல் ஆர்லில் வாழ்ந்த ஓவியர் வான் கோ இவ்வரங்கைத் தீட்டினார். அவ்வோவியத்தில் காளை தொலைவில் ஒரு சிறு உருவமே. திரையை நிறைத்து நிற்பவர்கள் பார்க்க வந்த மக்கள். கல்லைக் காண வந்தோர் காணத் தவறியதை ஓவியனின் கண் கண்டுகொண்டது.

தொல்பொருளைப் பேணுதல் வேண்டாம் என எவரும் கூறார். ஆயின் எந்தக் காலத்தைப் பேணுவது, எந்தக் காலத்தை அழிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆர்லில் அதனை ஆள்வோர் தீர்மானித்தனர். பேரரசனின் காலம் மரபுரிமையாயிற்று. குடிமக்களின் காலம் குப்பையாக வாரப்பட்டது. எனினும் நான்கு காவற்கோபுரங்களுள் மூன்று எஞ்சியுள்ளன. வளைவுகளின் மேலே, உரோமக் கட்டட ஒழுங்குக்குச் சற்றும் பொருந்தாது அவை இன்றும் நிற்கின்றன. அரங்கைக் காணச் செல்வோர் அவற்றையும் அண்ணாந்து பார்த்தல் வேண்டும். அங்கு வாழ்ந்த மக்களின் கையெழுத்து அதுவே.